தடுப்பூசிக்குப் பின் குழந்தையை இழந்த வீட்டுக்கு ஒரு கடிதமாவது போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடுப்பூசி போட்ட மறுநாள் கைக்குழந்தை இறந்துபோனது என்ற செய்தி அவ்வப்போது நம் நாளிதழ்களில் வருகிறது. உறவினர்கள் மருத்துவமனையை முற்றுகையிட்டார்கள், அதிகாரிகள் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள் என்பதோடு அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது. விசாரணையில் என்ன தெரியவந்தது என்பது பிறகு எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. வட மாவட்டம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகவும் பகுதி சுகாதார செவிலியராகவும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்த விசாரணையின் முடிவு யாருடைய கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிக்கு எதிரான கடிதம் அல்ல இது. தட்டம்மை கண்டு, கண் ஒட்டி, நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குத் தவித்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மாட்டுவண்டியில் போன நினைவு எனக்கு இன்னும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பொறுப்பிலிருந்த ஊர்களில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் இருந்தார்கள். இந்தியாவின் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்காசியப் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தபோது, நானும் என் போன்ற செவிலியர்களும் எங்கள் வீட்டுக் கல்யாணம் போல் மகிழ்ந்தோம். அந்த நம்பிக்கை எனக்கு இன்றும் குறையவில்லை. அது ஊராரிடமும் குறையக் கூடாது என்பதாலேயே எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். மூன்றரை மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு மூன்றாம் தவணை ஐந்துநோய்த் தடுப்பூசியை, பெண்டாவேலன்ட் என்று நாங்கள் சொல்வதை, என் கையால் போட்டேன். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தேன். குழந்தை அழுது ஓய்ந்து, பால் குடித்துவிட்டுத் தாயின் தோளிலேயே தூங்கிவிட்டது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் குழந்தையின் சித்தப்பா சைக்கிளில் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தொடையில் நான் ஊசி போட்ட இடத்தில் சிறு சிவப்புகூட இல்லை. பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். பச்சைப் பிள்ளையைக் கீறிப் பார்ப்பதா என்று பாட்டி என் கையைத் தட்டிவிட்டார். பத்து மணிக்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அன்று அந்த முகாமில் இரண்டு குப்பிகளிலிருந்து 13 குழந்தைகளுக்குப் போட்டிருந்தேன். மற்ற 12 வீடுகளுக்கும் அன்று மாலைக்குள் நடந்தே போனேன். இரண்டு குழந்தைகளுக்கு இலேசான காய்ச்சல். மற்றவை நன்றாக இருந்தன. குப்பிகளின் தொகுதி எண், காலாவதித் தேதி, தடுப்பூசிப் பெட்டி கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி, மீதமிருந்த குப்பியைக் குளிர் குறையாமல் வைத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அந்தத் தாயிடம் பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு ஒரு சொல்லும் வரவில்லை.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு கூட்டத்துக்குப் போயிருந்த இடத்தில் தேநீர் இடைவேளையின்போது ஓர் அலுவலர் போகிற போக்கில் சொன்னார்: "அந்தக் கேஸா? அது தற்செயல்னு முடிச்சாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். தடுப்பூசியால் இறப்பு நேரவில்லை என்று நிபுணர்கள் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஊசியால இல்லன்னு அப்பவே ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்திருந்தா, இந்த வீட்டுல நான் தலை நிமிந்து நடந்திருப்பேனே நர்ஸம்மா" என்றாள். குழந்தையை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான் என்பதால், இரண்டு ஆண்டுகளாக மாமியார் வீட்டில் அந்தச் சாவு அவள் தலையில் கிடந்திருக்கிறது. அதற்குள் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவனுக்குப் பிறந்தவுடன் போட்ட ஊசிகளோடு சரி, பிறகு ஒன்றும் போடவில்லை. அந்தத் தெருவில் வேறு நான்கு வீடுகளிலும் அதே நிலைதான்.

தடுப்பூசிப் பாதுகாப்பைக் கண்காணிப்பது என்றால் படிவம், குழு, கணினி, அறிக்கை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவைதாம். நம் நாட்டில் இவை இல்லாமலும் இல்லை. மாவட்டக் குழு, மாநிலக் குழு, டெல்லியில் தேசியக் குழு என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி ஒவ்வொரு நிகழ்வையும் ஐந்து வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். மருந்தின் இயல்பான விளைவா, மருந்தின் தரக் குறைபாடா, போட்டவரின் பிழையா, ஊசிக்கு அஞ்சியதால் வந்த மயக்கமா, ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் அதே நேரத்தில் வந்த வேறு நோயா என்பவை அந்த ஐந்து. ஆனால் இந்தப் பாதை முழுவதும் கீழிருந்து மேலே மட்டுமே போகிறது. கிராமத்திலிருந்து டெல்லி வரைக்கும் போன தாள், டெல்லியிலிருந்து கிராமத்துக்குத் திரும்புவதே இல்லை. வளரும் நாடுகள் பலவற்றில் இதுதான் நிலை என்பதும், அதனால் நேரும் கேடு எவ்வளவு பெரியது என்பதும் கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை கண்கூடாகிவிட்டன.

நம் ஊரையே பாருங்கள். 2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சிறிது நேரத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தி வந்த நாளில் மாநிலம் முழுவதும் செவிலியர்கள் நடுங்கிப்போனோம். அதன் பிறகு கிராமங்களுக்குச் சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் குழந்தைகளைக் கொண்டுவர வேண்டும் என்றானது. பாதுகாப்பை எண்ணி எடுத்த முடிவு அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கன்வாடி மையத்தில் பத்து நிமிடத்தில் முடிந்த வேலைக்கு, கூலி நாளை விட்டு, பேருந்து பிடித்து, கைக்குழந்தையோடு வரவேண்டியதாயிற்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் போட்டுக்கொண்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் நூற்றுக்கு 81 பேர் இருந்தார்கள். 2015-16இல் அது 70ஆகக் குறைந்தது. அந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். நான் நேரில் கண்ட காரணங்களில் தூரம் ஒன்று, பயம் இன்னொன்று. பிறகு அது 2019-21 கணக்கெடுப்பில் 89 வரைக்கும் ஏறியது என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளை யாரும் நமக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

சமோவா என்ற தீவு நாட்டில் நடந்தது இதைவிடக் கொடியது. பசிபிக் கடலில் சுமார் 2 லட்சம் பேர் வாழும் சிறிய நாடு அது. 2018 ஜூலையில் அங்கே ஒரே நாளில் இரண்டு கைக்குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசி போட்டவுடன் இறந்தன. தூளாக இருக்கும் தடுப்பூசி மருந்தைக் கரைக்க அதற்குரிய நீரை எடுப்பதற்குப் பதிலாக, காலாவதியான மயக்க மருந்தை எடுத்துக் கலந்துவிட்டார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. மருந்தில் குற்றமில்லை, கலந்த கையின் பிழை. ஆனால் அந்த உண்மை மக்களிடம் தெளிவாகப் போய்ச் சேர்வதற்குள், அரசு அந்தத் தடுப்பூசியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. ஊருக்குள் வதந்தி வேரோடிவிட்டது. தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை போட்டுக்கொண்ட குழந்தைகள் அந்த ஆண்டில் நூற்றுக்கு 31 பேராகச் சுருங்கினார்கள். 2019 இறுதியில் தட்டம்மை வந்தது. 5,700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று அரசு அறிவித்து, இரண்டு நாட்கள் நாட்டையே அடைத்து, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள். இரண்டு குழந்தைகளின் சாவுக்கு உரிய நேரத்தில் உரிய விளக்கம் போய்ச் சேராததற்கு அந்த நாடு கொடுத்த விலை அது.

இந்த இடத்தில் என் போன்றோருக்கு மட்டுமே பளிச்சென்று படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசியோடு தசைகளைத் தளர்த்தும் மருந்து தவறுதலாகக் கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தன. அதற்கு முந்தைய ஆண்டு வியட்நாமின் குவாங் திரி மாகாணத்தில் பிறந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகாத மூன்று சிசுக்களுக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி என்று எண்ணித் தசைத்தளர்ச்சி மருந்தைப் போட்டுவிட்டார்கள். பிறகு சமோவா. நாடு வேறு, மொழி வேறு, பிழை ஒன்றே. தடுப்பூசி இருக்கும் குளிர்சாதனப் பெட்டியில் வேறு மருந்து இருந்தது, அல்லது கரைக்கும் நீர் இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போலவே தோற்றமுள்ள வேறு குப்பி இருந்தது. என் பணிக்காலத்தில் ஒரு நிலையத்தில் தடுப்பூசிகளுக்கான ஐ.எல்.ஆர். என்ற குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, கூடையின் ஓரத்தில் பிரசவ அறைக்குரிய ஊசிமருந்துக் குப்பிகள் ஆறு ஏழு கிடந்தன. அறையிலிருந்த குளிர்பதனப் பெட்டி பழுதாகிவிட்டதாம், ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்தார்களாம். கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, அதே அலுமினிய மூடி. மங்கிய வெளிச்சத்தில், வெளியே நாற்பது தாய்மார்கள் காத்திருக்கும் அவசரத்தில், எடுப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அன்றே எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் வியட்நாமில் அப்படி ஒன்று நடந்தது என்று எனக்கு யாராவது ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தால், அதைப் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருப்பேன். ஒரு நாட்டில் கிடைத்த பாடம் இன்னொரு நாட்டின் செவிலியர் கைக்கு வராவிட்டால் அந்த விசாரணையால் யாருக்கு என்ன பயன்?

தெற்கு சூடானில் 2017 மே மாதம் கபோயெத்தா பகுதியில் 15 குழந்தைகள் இறந்தது இன்னும் வேதனையானது. நான்கு நாட்கள் ஒரே ஊசிக்குழலை வைத்து மருந்தைக் கரைத்திருக்கிறார்கள். மருந்து அந்த நான்கு நாட்களும் குளிரில் வைக்கப்படவில்லை. பயிற்சியே இல்லாதவர்கள், சிறுவர்கள்கூட, ஊசி போட்டிருக்கிறார்கள். கரைத்த தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். அதில் கிருமி பெருகாமல் தடுக்கும் பொருள் கிடையாது. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதும் பழக்கம் ஒன்றே எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. போரும் பஞ்சமும் உள்ள இடத்தில் அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தர ஆளில்லாமல் போயிற்று.

இப்படியான பிழைகள் ஒரு பக்கம் இருக்க, பெரும்பாலான இறப்புகள் தடுப்பூசியோடு தொடர்பே இல்லாதவை என்பதையும் மக்களுக்குக் கணக்கோடு சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 28 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. அவற்றில் 20 முதல் மாதத்திலேயே போய்விட்டன. மீதி எட்டு, ஒரு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில். ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடிக் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இதைப் பெருக்கிப் பார்த்தால், அந்த வயதில் நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நிமோனியா, பேதி, பிறவி இதயக் கோளாறு என்று ஏதேதோ காரணங்களால் அந்த ஆண்டில் இறந்திருக்கின்றன. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று நாம் ஊசி போடுவதும் இதே வயதில்தான். ஆகவே ஊசி போடாமலே இருந்திருந்தாலும் நேர்ந்திருக்கக்கூடிய இறப்புகளில் ஒரு பகுதி, ஊசி போட்ட மறுநாளில் நேர்ந்தே தீரும். குழந்தை இறப்பு மிகக் குறைவான பணக்கார நாட்டில் இப்படித் தற்செயலாக ஒன்றுசேர்வது அபூர்வம். நம் போன்ற நாடுகளில் அது அன்றாடம். அதனால்தான் பாதுகாப்புக் கண்காணிப்பு அவர்களைவிட நமக்கு அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் பிரேதப் பரிசோதனைக்கு இடமில்லாத, மருத்துவமனையைப் பார்க்காமலே வீட்டில் இறந்துபோகிற இடங்களில் அதைச் செய்வதும் அவ்வளவு கடினமாக இருக்கிறது.

தற்செயல் என்ற முடிவே எப்போதும் சரியாக இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் 2016இல் டெங்குத் தடுப்பூசி பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசி பின்னாளில் கடுமையான டெங்குவை வரவழைக்கக்கூடும் என்று அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. தடுப்பூசி முக்கியமானது என்று உறுதியாக நம்பியவர்கள் அந்த நாட்டில் 2015இல் நூற்றுக்கு 93 பேர். 2018இல் 32 பேர். 2019இல் அங்கேயும் தட்டம்மை பரவி நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. டெங்கு ஊசியின் குறை தட்டம்மை ஊசியின் மேல் வந்து விழுந்தது. தாய்மார்கள் எல்லா ஊசியையும் ஊசி என்ற ஒரே சொல்லால்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை மேலே இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அவற்றில் பாம்புக்கடியும், நீரில் மூழ்கியதும், பூச்சிமருந்து குடித்ததும் இருந்தன. ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு கூறியதில் எனக்கு ஐயம் எழவில்லை. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊசிக்குப் பின் நேரும் பாதக நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு சரியாக இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இவற்றைக் கடுமையாகக் கண்டித்தது. முன்கூட்டியே கேட்காதவர்கள் பின்னால் வந்து சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள்? பல்லாயிரம் பெண்களைக் காக்கக்கூடிய ஒரு நல்ல தடுப்பூசியின் பெயர் இதனால் பல ஆண்டுகள் கெட்டுக் கிடந்தது.

இதற்கு மாறான முன்மாதிரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் தொற்றுநோயியல் பிரிவு 1996 முதல் தடுப்பூசிக்குப் பிந்தைய நிகழ்வுகளை நாடு முழுவதும் பதிவு செய்து வருகிறது. அங்கே ஊர்தோறும் உள்ள குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து எழுதுவதை சுகாதார வைத்திய அதிகாரி மாதந்தோறும் மேலே அனுப்புகிறார். 2008 ஜனவரியில் ஐந்துநோய்த் தடுப்பூசியைத் தொடங்கிய அந்நாடு, சில குழந்தைகள் இறந்ததும் அதே ஆண்டு ஏப்ரலில் அதை நிறுத்திவைத்தது. வெளிநாட்டு நிபுணர்களையும் சேர்த்து ஆராய்ந்து, இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று கண்டு, 2010இல் மீண்டும் தொடங்கியது. இன்று தடுப்பூசியை ஏற்பதில் நம் மாநிலத்துக்கே வழிகாட்டும் நிலையில் அந்த நாடு இருக்கிறது. பூட்டான் 2009இலும் வியட்நாம் 2013இலும் அதே தடுப்பூசியை நிறுத்தி, ஆராய்ந்து, மறுபடியும் தொடங்கின. நிறுத்துவதும் ஆராய்வதும் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. காரணம் சொல்லாமல் நிறுத்துவதும், காரணம் சொல்லாமல் மறுபடி தொடங்குவதுமே மக்களைத் துரத்துகின்றன.

எண்ணிக்கையைப் பற்றியும் நம்மிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பாதக நிகழ்வு எதுவும் இல்லை என்று அறிக்கை அனுப்பும் வட்டாரத்துக்கு மேலிடத்தில் நல்ல பெயர். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ இதற்கு நேர்மாறு. ஒரு லட்சம் கைக்குழந்தைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது பத்து நிகழ்வுகளாவது பதிவாகவில்லை என்றால் அங்கே கண்காணிப்பே நடக்கவில்லை என்று கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். காய்ச்சலும் வீக்கமும் வராத ஊர் உலகில் இல்லை, எழுதாத ஊர்தான் உண்டு. எழுதினால் மெமோ வரும், விசாரணை வரும், செய்தித்தாளில் பெயர் வரும் என்று அஞ்சும் செவிலியர் எப்படி எழுதுவார்? ஊசி போட்டவரையே முதல் குற்றவாளியாக நிறுத்தும் பழக்கம் இருக்கும் வரைக்கும், உண்மை குப்பைக்கூடையில் விழுந்த குப்பியோடு போய்விடும். பிழை செய்தவர் தண்டிக்கப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடனே சொன்னவரையும் மறைத்தவரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்கிறேன்.

கொரோனா காலத்தில் கோவிஷீல்டு தடுப்பூசிக்குப் பின் இரத்தம் உறைதல் பற்றி 2021 மே மாதம் நம் தேசியக் குழு வெளியிட்ட அறிக்கையில், பத்து லட்சம் தவணைகளுக்கு 0.61 நிகழ்வு என்று கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதே அறிக்கையில் பிரிட்டனுக்கு 4 என்றும் ஜெர்மனிக்கு 10 என்றும் இருந்தது. நம் மக்களுக்கு அந்த ஆபத்து இயல்பாகவே குறைவு என்பது அறிக்கையின் விளக்கம். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் தலைவலியோடு வந்தவருக்கு இரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்க்கவோ, ஸ்கேன் எடுக்கவோ வசதியில்லாத ஊர்கள் நம்மிடம் எத்தனையோ. தேடாமல் கிடைக்காதவற்றையும் உண்மையிலேயே இல்லாதவற்றையும் அந்த ஓர் எண் பிரித்துக் காட்டாது. கண்காணிப்புக்குப் பணம் ஒதுக்கும்போது தலைநகரிலுள்ள கணினிக்கு மட்டுமன்றி, வட்டார மருத்துவமனையின் ஆய்வகத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பேசினால் தாய்மார்கள் பயந்துவிடுவார்கள் என்று என் சக பணியாளர்கள் சிலர் சொல்வதுண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். பள்ளி வாசலில் பெற்றோர் கும்பலாக நின்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் ஒரு பள்ளியில் பயந்த பெற்றோரிடம் நான் பேசியது வேறொன்றுமில்லை. ஊசி போட்டால் என்னென்ன வரலாம், எத்தனை பேருக்கு வரலாம், வந்தால் நான் எங்கே இருப்பேன், என் கைப்பேசி எண் என்ன என்பதை மட்டுமே சொன்னேன். ஒரு தந்தை மட்டும் மகனை அழைத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள். தாய்மார்களின் அச்சத்தை வளர்ப்பது எங்கள் மௌனம்தான்.

ஆகவே என் முதல் கோரிக்கை மிகச் சிறியது, செலவும் இல்லாதது. தடுப்பூசிக்குப் பின் ஒரு குழந்தை இறந்தாலோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, முப்பது நாட்களுக்குள் அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் போக வேண்டும். இறுதி முடிவு வராவிட்டாலும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, குப்பி எந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது, அதே குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட மற்றக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். தேசியக் குழு முடிவு சொன்னதும் இரண்டாவது கடிதம் போக வேண்டும். அதை அஞ்சலில் போட்டுவிடாமல், ஒரு மருத்துவர் நேரில் கொண்டுபோய், மாமியாரும் மாமனாரும் உட்கார்ந்திருக்கும்போது படித்துக் காட்ட வேண்டும். அதன் நகல் ஊசி போட்ட செவிலியருக்கும் வர வேண்டும். பிழை என்று தெரிந்தால் பிழை என்றே எழுத வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வழக்கு, வாய்தா என்று அலைய வைக்காமல் இழப்பீடு தர வேண்டும். கொரோனாத் தடுப்பூசிக்காக 2021இல் 92 ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு யார் குற்றம் என்று நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை, நாடுகளுக்குக் கொரோனாத் தடுப்பூசியைப் பகிர்ந்தளித்த கோவாக்ஸ் என்ற பன்னாட்டு அமைப்பு ஏற்படுத்தியது. அது முடியும் என்றால், பிள்ளைகளின் அன்றாடத் தடுப்பூசிகளுக்கும் அப்படி ஒன்று முடியும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தேசியக் குழு ஆராய்ந்து முடித்த நிகழ்வுகளின் முடிவுகளை மத்திய சுகாதார அமைச்சகம் தன் இணையதளத்தில் அவ்வப்போது வெளியிடுகிறது. அவை ஆங்கிலத்தில், பெயரில்லாமல், குறியீட்டு எண்களோடு, அட்டவணையாக இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெண்களில் அதைத் திறந்து படிக்கக்கூடியவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. தமிழ்நாட்டு நிகழ்வுகளின் முடிவுகளை மட்டுமாவது, குடும்பத்தின் பெயரை வெளியிடாமல், எந்த மாவட்டம், எந்தத் தடுப்பூசி, என்ன முடிவு என்று தமிழில் அச்சிடுங்கள். குழந்தை இறந்த செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தியில் வந்ததோ, அதே பக்கத்தில், அதே அளவில் அது வர வேண்டும். அந்தக் குழந்தையின் தாயிடம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு இதுவரை ஒரு துண்டுத்தாளும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு செய்தி வரும் நாளில் உங்கள் நாளிதழின் இரண்டு பிரதிகளை நான் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.